தேரா மன்னனும் ஒரு தெளிவுரையும்

சென்ற ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் சிலப்பதிகாரத்தின் மூலமும் தெளிவுரையும் ஒரே தொகுதியாக அமைந்த பதிப்பு ஒன்றை வாங்கினேன். டெமி அளவு, கெட்டி அட்டை, அறுநூற்றுக்குச் சற்று மேற்பட்ட பக்கங்கள், விலை 450 ரூபாய், காட்சிக் கழிவு போக 405. என்னை வாங்கத் தூண்டியது அதன் பின்னட்டை. ‘அறியாமை ஓர் அரசைச் சாய்த்த கதை’ என்று தடித்த எழுத்தில் அங்கே அச்சிட்டிருந்தார்கள். பத்தினியின் சீற்றம், ஊழின் வலி என்றே முப்பது காதைகளையும் அறிமுகப்படுத்திப் பழகிவிட்ட சூழலில், அறியாமையையும் அதன் விளைவையும் மையமாக வைத்து ஒருவர் உரை எழுதியிருக்கிறார் என்றால் அதைப் படித்துப் பார்க்கத்தான் வேண்டும் என்று தோன்றியது. பதிப்பகத்தின் பெயரை இங்கே வேண்டுமென்றே தவிர்க்கிறேன். நான் குறையாகச் சொல்லப் போவது ஒரு பதிப்பகத்தோடு முடிகிற காரியம் அன்று.

முதலில் நூலின் அமைப்பைப் பற்றி. இடப்பக்கத்தில் மூலமும் வலப்பக்கத்தில் உரையும் எதிரெதிராக வருவதால், பக்கத்தைப் புரட்டிப் புரட்டித் தேடும் தொல்லை இல்லை. ஐந்து அடிக்கு ஒருமுறை அடி எண் கொடுத்திருக்கிறார்கள். ‘கொன்றச் சிலம்பு கொணர்க வீங்கென’ என்று சீர் பிரிப்பை மட்டும் பார்த்து அச்சிட்டுப் படிப்பவரைத் திணற வைக்காமல், ‘கொன்று அச்சிலம்பு கொணர்க ஈங்கு என’ என்று பதம் பிரித்துத் தந்திருப்பது, யாப்பைப் போற்றுவோருக்கு வருத்தமாக இருந்தாலும், முதன்முறையாகக் காப்பியத்துக்குள் நுழைபவருக்குப் பெரிய உதவி. தாள் நல்ல தாள். மறுபக்க எழுத்து முன்பக்கத்தில் நிழலாடவில்லை. ஆனால் கட்டு மோசம். வாங்கிய ஐந்தாவது வாரத்தில், கொலைக்களக் காதையை விரித்து வைத்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது முதுகுப் பசை விட்டு, 16 பக்க ஃபாரம் ஒன்று அப்படியே கையோடு வந்துவிட்டது. தைத்துக் கட்டாமல் பசையை மட்டும் நம்பினால் கெட்டி அட்டையால் என்ன பயன்?

அரங்கேற்று காதையின் இசை, கூத்துச் செய்திகளுக்கு உரை மிகவும் மெலிந்திருக்கிறது. அது எல்லாத் தெளிவுரைகளுக்கும் பொதுவான நோய் என்பதால் கடந்து போகிறேன்.

பின்னட்டை சொன்ன பொருளுக்கு வருவோம். சிலப்பதிகாரத்தில் ஒருவர் மற்றொருவரை அறியாமல் போவதால் விளையும் கேடு, தொடக்கத்திலிருந்தே ஊடு நூலாக ஓடுகிறது என்பது உண்மை. கானல் வரியில் கோவலன் ஆற்றையும் கடலையும் பாட, அவன் உள்ளம் வேறெங்கோ இருக்கிறது என்று மாதவி எண்ணிக்கொள்கிறாள். தானும் அப்படி ஒரு குறிப்பு உடையவளைப்போல் யாழை வாங்கிப் பாடுகிறாள். அவன் அதை மெய்யென்று நம்பி எழுந்து போய்விடுகிறான். இருவரில் ஒருவர் வாய் திறந்து ஒரு கேள்வி கேட்டிருந்தால் புகார்க் காண்டத்தோடு கதை முடிந்திருக்கும். பிறகு மதுரைப் புறத்தில் கோசிகன் கொண்டு வந்து தரும் ஓலையில் மாதவி, ‘என் பிழைப்பு அறியாது கையறு நெஞ்சம்’ என்று எழுதுகிறாள். தான் செய்த பிழை என்னவென்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை. அதைப் படித்த பின்புதான் கோவலன் ‘தன் தீது இலள்’ என்று தெளிந்து, ‘என் தீது’ என்று உணர்கிறான். அந்த ஓலையின் வாசகம் தன் பெற்றோருக்குத் தான் எழுத வேண்டியதற்கும் அப்படியே பொருந்துவதாகக் கண்டு, அதையே அவர்களிடம் சேர்க்கச் சொல்லித் திருப்பி அனுப்புகிறான். இந்தப் பகுதிக்கு உரையாசிரியர் எழுதியிருக்கும் அரைப் பக்கக் குறிப்பு மிக நன்றாக இருக்கிறது. ஒரு பெண் தன் பிழை அறியாமல் எழுதிய கடிதம் ஓர் ஆணுக்குத் தன் பிழையை அறிவிக்கும் கடிதமாகிறது என்று அவர் காட்டுவதைப் படித்தபோது, இந்த நூலைப் பற்றிப் பெரிதாகவே எதிர்பார்க்கத் தொடங்கினேன்.

எதிர்பார்ப்பு தடுக்கி விழுந்தது கொலைக்களக் காதையில்.

அந்தக் காதையை நிறுத்திப் படித்தால், இளங்கோவடிகள் ‘தெரியாமை’யை ஒரே சொல்லால் சொல்லவில்லை என்பது விளங்கும். சிலம்பை விற்கப் புறப்படும் கோவலன் எதிரே திமில் உடைய காளை ஒன்று பாய்ந்து வருகிறது. ‘இமில் ஏறு எதிர்ந்தது இழுக்கு என அறியான்’ என்கிறார் அடிகள். ஏன் அறியான் என்பதற்கும் உடனே காரணம் சொல்கிறார்: ‘தன் குலம் அறியும் தகுதி அன்று ஆதலின்’. வணிகர் குடியில் பிறந்தவனுக்கு மாட்டு நிமித்தம் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆகவே அதில் அவன்மேல் குற்றமும் இல்லை. அடுத்து, நூறு கம்மியர் பின்தொடர, சட்டை அணிந்து, கையில் கோலுடன் ஒதுங்கி நடந்து வரும் பொற்கொல்லன். அரசன் தேவிக்கு ஏற்ற சிலம்பு ஒன்றுக்கு விலை மதிப்பிட உன்னால் ஆகுமா என்று கோவலன் கேட்க, அவன் சொல்லும் முதல் சொற்கள் ‘அடியேன் அறியேன் ஆயினும்’ என்பவை. அரசியின் சிலம்பைத் திருடியவனே அவன். அந்த வட்டாரத்தில் சிலம்பைப் பற்றி எல்லாம் அறிந்த ஒரே ஆளும் அவன். அவன் வாயில்தான் ‘அறியேன்’ என்ற சொல் பணிவு வேடம் போட்டுக்கொண்டு வருகிறது. இந்த நுட்பத்தைத் தெளிவுரை ‘எனக்குத் தெரியாது, இருந்தாலும்’ என்று பெயர்த்துவிட்டு மேலே போய்விடுகிறது.

பின்னர் அரசன் வருகிறான். ஆடல் மகளிரின் கூத்தும் பாட்டும் அரசன் உள்ளத்தைக் கவர்ந்துவிட்டன என்று ஊடிய கோப்பெருந்தேவி, தலைநோய் என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறாள். அவளைத் தணிக்கப் புறப்பட்டவன் காலில் கொல்லன் விழுந்து, சிலம்பு திருடிய கள்வன் என் குடிசையில் இருக்கிறான் என்கிறான். அப்போதைய அடிகளைப் பாருங்கள்:

வினைவிளை காலம் ஆதலின் யாவதும்
சினைஅலர் வேம்பன் தேரான் ஆகி

இங்கே ‘அறியான்’ என்று எழுதியிருந்தாலும் ஓசை கெட்டிருக்காது. அடிகள் ‘தேரான்’ என்கிறார். தேர்தல் என்றால் ஆராய்தல். அறியாமை ஒருவனுக்கு நேர்கிற நிலை. தேராமை அவன் செய்யாமல் விடுகிற செயல். ‘ஓர்ந்துகண் ணோடாது இறைபுரிந்து யார்மாட்டும் தேர்ந்துசெய் வஃதே முறை’ என்று 541ஆம் குறள் செங்கோன்மைக்கு இலக்கணம் வகுக்கும்போதும், அரசனுக்கு விதிக்கப்படுவது தேர்தல்தான். எல்லாம் அறிந்தவனாக இரு என்று அரசனை யாரும் கேட்கவில்லை. கேட்டுப் பார் என்றுதான் சொல்கிறார்கள்.

நான்கு காதைகள் கழித்து, வழக்குரை காதையில், கண்ணகி அவைக்குள் வந்து ‘தேரா மன்னா செப்புவது உடையேன்’ என்று தொடங்குகிறாள். கவிக்கூற்றாக முன்பே நம் காதில் விழுந்த சொல் இப்போது அவள் வாயிலிருந்து அரசன் முகத்துக்கு நேராக வருகிறது. அரண்மனையின் உள்ளே நடந்ததை அவள் பார்த்ததில்லை. ஆனாலும் அதே சொல்லைத் தேர்ந்து எறிகிறாள். இந்தப் பதிப்பு முன்னதற்கு ‘மதி மயங்கி’ என்றும் பின்னதற்கு ‘அறிவற்ற மன்னனே’ என்றும் உரை சொல்கிறது. இரண்டு இடங்களையும் இணைக்கும் இழை அறுந்து போகிறது. அதைவிட, அரசன் செய்த குற்றமே மாறிப் போகிறது. மதி மயங்கியவன் இரக்கத்துக்கு உரியவன். அறிவற்றவன்மேல் வழக்குத் தொடுத்து ஆவது ஒன்றுமில்லை.

பாண்டியன் அறிவற்றவனா? மதுரைக் காண்டத்தின் இறுதியில் வரும் கட்டுரை, அவனை வடவாரியர் படை கடந்தவனாகவும் அரசு கட்டிலில் துஞ்சியவனாகவும் குறிக்கிறது. ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் பாடியதாகப் புறநானூற்றில் 183ஆம் பாட்டு இருக்கிறது: ‘உற்றுழி உதவியும் உறுபொருள் கொடுத்தும் பிற்றைநிலை முனியாது கற்றல் நன்றே’. ஆசிரியருக்குத் துன்பம் வந்தபோது உதவியும், வேண்டிய பொருள் கொடுத்தும், வழிபட வெறுக்காமலும் கற்பது நல்லது என்று பாடிய அரசனையே மரபு இந்தச் சிலம்பு வழக்கின் அரசனாகவும் கொள்கிறது. கல்வியைப் புகழ்ந்து பாடிய புலவனை ‘அறிவற்ற மன்னன்’ என்று விளிப்பதாக உரை எழுதும் முன், அந்தப் பாட்டை ஒருமுறை நினைத்துப் பார்த்திருக்கலாம்.

அறிவு அவனிடம் இருந்தது என்பதற்குப் புறநானூறு வரைக்கும் போக வேண்டியதுகூட இல்லை. ‘என் கால் பொற்சிலம்பு மணியுடை அரியே’ என்று கண்ணகி சொன்னதும், ‘யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே’ என்று அரசன் தடுமாறாமல் பதில் சொல்கிறான். யாரையும் விசாரிக்கவில்லை, கருவூலத்துக்கு ஆள் விடவில்லை. அரசியின் சிலம்புக்குள் இருப்பது முத்துப் பரல் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும்; கோவலன் சாவதற்கு முன்பும் தெரியும். இரண்டு சிலம்பும் புறத் தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கின்றன, ஒலிக்கிற பரல் மட்டுமே வேறு. அதைத் திறந்து பார்க்கும் எண்ணம் ஒரு கணம் வந்திருந்தால் மாணிக்கம் வாய்முதல் தெறிக்க வேண்டிய தேவை இருந்திருக்காது. காப்பியம் முழுவதிலும் என்னை மிகவும் உலுக்குகிற இடம் இதுவே. இதற்கு இந்தப் பதிப்பில் இரண்டே வரி.

அவன் ஆணையிலும் ஒரு நிபந்தனை இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ‘கன்றிய கள்வன் கையது ஆகில் கொன்று அச்சிலம்பு கொணர்க ஈங்கு’. ‘ஆகில்’ என்ற சொல்லால் ஏதோ ஒரு சோதனையை வைத்துவிட்டதாக அவன் நினைத்திருக்கலாம். ஆனால் அந்தச் சோதனை, சிலம்பு யார் கையில் இருக்கிறது என்பதை மட்டுமே காட்டும். அது யாருடையது என்பதைக் காட்டாது. ‘கொல்ல, அச்சிலம்பைக் கொணர்க’ என்று சொல்ல நினைத்தவன் வினைவயத்தால் ‘கொன்று’ என்று சொல்லிவிட்டான் எனப் பழைய விளக்கம் ஒன்று உண்டு. தெளிவுரை அந்த விளக்கத்தை எடுத்துத் தருகிறது, நல்லது. ஆனால் ‘ஆகில்’ என்பதை உரையிலிருந்தே விட்டுவிடுகிறது. அரசன் தவறான கேள்வியைக் கேட்டான் என்பது, கேள்வியே கேட்கவில்லை என்பதாக மங்கிப் போகிறது.

அதே கொலைக்களத்தில் மற்றவர்கள் தயங்குகிறார்கள். கோவலனைப் பார்த்த ஊர்காப்பாளர், ‘இலக்கண முறைமையின் இருந்தோன் ஈங்கு இவன் கொலைப்படு மகன் அலன்’ என்கிறார்கள். கொல்லன் சிரித்துக்கொண்டே மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று களவுக்குத் துணையாகும் எட்டையும் எண்ணிக் காட்டி அவர்களைக் குழப்புகிறான். சொல்வன்மை அறிவின் வேடத்தில் வந்து அவர்களுடைய கண் கண்டதைத் தள்ளிவிடுகிறது. அப்போதும் ஒருவன் மழை இருட்டில் தன் வாளைப் பறித்துக்கொண்டு மறைந்த வேறொரு கள்வனின் கதையைச் சொல்லி, என்ன செய்வது என்று மற்றவர்களைக் கேட்கிறான். இந்தத் தயக்கத்தின் நடுவே, ‘கல்லாக் களிமகன் ஒருவன்’ வாளை வீசிவிடுகிறான். கூட்டத்தில் ஐயமே இல்லாதவன் அவன் ஒருவனே. கல்லாமையை அடிகள் வாளேந்திய குடிகாரன் கையில் வைக்கிறார், தேராமையை அரியணையில் வைக்கிறார். இரண்டும் கோவலன் என்ற ஒரே உடலில் வந்து சேர்கின்றன. களிமகனுக்குப் ‘படிப்பறிவில்லாத குடிகாரன்’ என்று உரை சரியாகவே இருக்கிறது. ஆனால் அவனுக்கும் அரசனுக்கும் கிட்டத்தட்ட ஒரே அடைமொழியைக் கொடுத்துவிட்ட பிறகு, மூலத்தில் இருந்த வேறுபாட்டை வாசகர் எப்படிக் காண்பார்?

கண்ணகி செய்வதை இதன் எதிரே வைத்துப் பார்க்கலாம். கணவன் கள்வன் என்று கொல்லப்பட்ட செய்தி கிடைத்ததும் அவள் முதலில் செய்வது ஒரு விசாரணை. துன்ப மாலையில், ‘பாய்திரை வேலிப் படுபொருள் நீ அறிதி, காய்கதிர்ச் செல்வனே, கள்வனோ என் கணவன்’ என்று, பகலெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த சாட்சியான கதிரவனைக் கேட்கிறாள். கள்வன் அல்லன் என்ற விடை கிடைத்த பின்புதான் அவைக்குப் போகிறாள். துயரத்தின் உச்சியில் நிற்பவள் கேட்கிறாள். அரியணையில் இருந்தவன் கேட்கவில்லை.

இங்கே உரையாசிரியர்பால் ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். உ. வே. சாமிநாதையர் 1892இல் அருஞ்சொற்களுக்குப் பொருள் சொல்லும் பழைய அரும்பதவுரையோடும், பழைய உரையாசிரியர் அடியார்க்கு நல்லாரின் உரையோடும் சிலப்பதிகாரத்தை வெளியிட்டபோதே, அடியார்க்கு நல்லார் உரை நூல் முழுவதற்கும் கிடைக்கவில்லை. வழக்குரை காதைக்கு அது இல்லை. அரும்பதவுரை முழுவதற்கும் இருந்தாலும் சொற்சுருக்கம் மிகுந்தது. ஆகவே, மிகவும் தேவையான இடத்தில் பழைய துணை கைவிட, பின்வந்தவர்கள் தாமே பொருள் காண வேண்டியிருக்கிறது. ந. மு. வேங்கடசாமி நாட்டார் போன்றவர்கள் அந்த உழைப்பைச் செய்து வைத்திருக்கிறார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் நாட்டார் உரையைச் செலவில்லாமல் படிக்கலாம். ‘எளிய தமிழில்’ என்ற நோக்கத்தால் அந்த உழைப்பின் பயனை ஒதுக்கியது இந்தப் பதிப்பின் தெரிவு.

கட்டுரை காதைக்கு எழுதியிருக்கும் உரை, நூலிலேயே சிறந்தது என்பேன். மதுராபதித் தெய்வம் பாண்டியனுக்காகக் கண்ணகியிடம் வாதாடும் இடம் அது. ‘மறைநா ஓசை அல்லது யாவதும் மணிநா ஓசை கேட்டதும் இலனே’ என்று தெய்வம் சொல்வதை, ஆராய்ச்சி மணி அடிக்கப்படாத அரண்மனையில் ஆராயும் பழக்கமும் மங்கிவிடும் என்று உரையாசிரியர் நயமாக விளக்குகிறார். கண்ணகி தன் ஊரைச் சொல்லும்போது, பசு அடித்த மணிக்கு மகனைப் பலி கொடுத்த சோழனைக் குறிப்பிட்டதையும் உடன் வைத்துக் காட்டுகிறார். அதே காதையில், பாண்டியர் ஆட்சியில் முன்னர் வார்த்திகன் என்ற அந்தணன் பொய்ப் பழியால் சிறைப்பட்டதும், ஐயை கோயிற் கதவு திறவாமல் போனதும், அரசன் உண்மை அறிந்து ‘அறியா மாக்களின் முறைநிலை திரிந்த என் இறைமுறை பிழைத்தது பொறுத்தல் நும் கடன்’ என்று வணங்கித் திருத்தங்காலும் வயலூரும் கொடுத்ததும் வருகின்றன. அங்கே பிழை அதிகாரிகளுடையது, அவர்கள் ‘அறியா மாக்கள்’. சிறையைத் திறந்தால் சரியாகிவிட்டது. கோவலனுக்குத் திறக்கச் சிறை இல்லை. கோவலனே முற்பிறப்பில் பரதன் என்ற பெயரில், சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்வித்தவன் என்று தெய்வம் சொல்லும்போது, ஆராயாத தீர்ப்பு ஒரு பிறப்போடு நிற்கவில்லை என்பதும் தெரிகிறது. இந்தக் காதைக்கான உரையை எழுதியவரா ‘அறிவற்ற மன்னனே’ என்றும் எழுதினார் என்று எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

இன்னொரு குறையை விட்டுவிட முடியாது. நூல் தொடக்கத்தில் உள்ள உரைபெறு கட்டுரையைச் சிறிய எழுத்தில் அடித்து, உரையே இல்லாமல் விட்டிருக்கிறார்கள். கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன், நாட்டில் மழை பொய்த்து நோய் பரவியபோது, பொற்கொல்லர் ஆயிரவரைக் கொன்று கண்ணகிக்குச் சாந்தி செய்தான் என்ற செய்தி அங்கே இருக்கிறது. நீர்ப்படைக் காதையும் ‘ஈர்ஐஞ்ஞூற்றுவர்’ என்று அதையே சொல்கிறது. ஒரு கொல்லன் செய்த களவுக்கு ஒரே பகலில் ஆயிரம் கொல்லர். அந்த ஆயிரவரில் யாருடைய சிலம்பை யார் ஆராய்ந்தார்கள்? நெடுஞ்செழியன் ஆணையில் வந்த ‘கொன்று’ என்ற சொல்லே இங்கும் வருகிறது. அறியாமையின் விளைவைப் பற்றிய காப்பியம் என்று பின்னட்டையில் எழுதுபவர்கள், விளைவின் மிகக் கொடிய பகுதியைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல் விட்டது எனக்கு ஏற்புடையதாக இல்லை. நீர்ப்படைக் காதையில் அந்த அடிகளுக்கு வரும் உரையும் ‘பலி கொடுத்து’ என்பதோடு முடிந்துவிடுகிறது.

சொல்லடைவு இல்லை, அருஞ்சொற்பொருள் பட்டியல் நான்கு பக்கம், அதில் ‘தேர்தல்’ இல்லை. அச்சுப்பிழைகள் மூலத்தில் குறைவு, உரையில் கூடுதல். 405 ரூபாய்க்கு, பதம் பிரித்த மூலத்துக்காக மட்டுமே வாங்கினாலும் நட்டமில்லை. வழக்குரை காதைக்கும் கொலைக்களக் காதைக்கும் நாட்டார் உரையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கவும். அடுத்த பதிப்பில் தையல் போட்டால் நல்லது.

என் பிரதி இப்போது என்னிடம் இல்லை. இளங்கலைத் தமிழில் சேர்ந்திருக்கும் அண்ணன் மகளுக்கு, கழன்ற ஃபாரத்தை ஒட்டிக் கொடுத்துவிட்டேன். கொடுக்கும் முன் ‘அறிவற்ற’ என்பதைப் பென்சிலால் அடித்து ‘ஆராயாத’ என்று எழுதினேன். ஒரு வாரம் கழித்துத் தொலைபேசியில் கூப்பிட்டவள், “அத்தை, தன் சிலம்புல முத்துதான் இருக்குன்னு அரசியைக் கேட்டா சொல்லியிருப்பாளே, அவகிட்டப் போய்க் கேட்க ரொம்ப தூரமா?” என்றாள். தெளிவுரையில் அந்த இடத்துக்கு ‘அரண்மனை வாயிலில்’ என்று மட்டுமே போட்டிருக்கிறது. இடப்பக்கத்து மூலத்தைப் பார்க்கச் சொன்னேன். ‘கோப்பெருந்தேவி கோயில் நோக்கி’ என்று இருந்தது. கொல்லன் அரசன் காலில் விழுந்தது அவளுடைய வாயிலில்.